கடலோர மைதானத்தில் ஆட்டு வாடை

"ஆட்டுக்காரன் மகளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? அங்க என்ன புல்லப் பத்தியா சொல்லித்தரப் போறாங்க?" என்றார் என் தாய்மாமா, நான் சிறுமியாக இருந்தபோது.

இங்கிலாந்தில் ஒரு பழைய கடலோர கோல்ஃப் மைதானத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே புல்லை மேய விட்டிருந்த, மழையில் நனைந்த ஆடுகளின் வாடை என்னை எங்கள் ஊரான குஜிலியம்பாறையில் கொண்டுபோய் நிறுத்தியது. எங்கள் ஆடுகளை எருவுக்காக இரவில் அடைத்துக் கிடை போட்ட நிலங்களில், மழைக்குப் பிறகு புல் எங்கே முதலில் தழைக்கிறது என்று அப்பாவோடு பார்த்துத் திரிவேன். மேய்க்க ஆள் வேண்டுமென்று மாமா என் புத்தகப் பையைப் பிடுங்கிய காலையில், அம்மா தழை பறிக்கும் தொரட்டியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"அவ படிக்கட்டும்டா. ஆட்ட நீ பத்திக்கிட்டுப் போ."

பிறகு கல்லூரியில் நான் படித்ததும் புல்லைப் பற்றித்தான். அந்த கோல்ஃப் மைதானத்தைப் பராமரிப்பவரிடம் வேலை கேட்டேன்.

"இந்தக் கடல்காற்றைத் தாங்குவீர்களா?" என்றார்.

அதற்குள் நான் அருகில் நின்ற புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளத் தொடங்கியிருந்தேன்.