கூடையில் ஒரு பங்கு

ஃபீனிக்ஸ் பே துறையில் கார் நிக்கோபார் கப்பலுக்காகக் காத்திருக்கிறேன். கரையேறிய படகுகளில் மீன் பங்கு பிரிக்கப்படுகிறது. மேட்டிலுள்ள மாதா கோயிலார் ஆதரவற்ற முதியோருக்கென இவ்வாண்டு ஓர் இல்லம் தொடங்கியுள்ளனர். படகுக் கொட்டகையில் படுத்துறங்கும் சூசை என்னும் தூத்துக்குடி முதியவரை அங்கே அழைத்துச் செல்லக் கோயில் உபதேசியார் வந்திருக்கிறார். முதியவரோ அசைவதாயில்லை. எனக்கும் அறுபது கடந்துவிட்டமையால் கூர்ந்து கவனிக்கிறேன்.

"பெத்த மவனே என்னை விட்டுட்டு மெயின்லேண்டுக்குப் போயிட்டான். ஊரான் தருமச் சோறு எனக்கு வேண்டாம்வே."

"தருமம்னு யாரு சொன்னா பாட்டா? படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு எடுக்கோம்லா? இன்னையிலேருந்து, கடலுக்குப் போவ முடியாத கெழவங்களுக்கும் ஒரு பங்கு எடுத்து இல்லத்துக்குக் குடுக்கோம். எல்லாப் படகுக்காரனும் சம்மதிச்சாச்சு. இந்தா, கூடையப் பாரும்." உபதேசியார் அருகிலிருந்த மீன்கூடையைக் காட்டுகிறார்.

சூசை கூடைக்குள் நெடுநேரம் பார்க்கிறார்.

"பங்குன்னா ஒழுங்கா வைக்கணும்வே. வெறும் பொடி மீனால்லா கெடக்கு? அந்தச் சீலாவ எடுத்துப் போடச் சொல்லும்."

படகுக்காரர்கள் சிரித்தவாறே பெரிய சீலா மீனொன்றைக் கூடையில் இடுகின்றனர். சூசை கூடையின் ஒரு பக்கத்தைத் தாமே பற்றிக்கொண்டு, உபதேசியாருடன் மேடேறுகிறார்.