அக்கா டாக்டரிடம் சொன்னது

புனே பக்கம் ஆகுர்டியில் நாங்கள் குடியிருந்த சாலில் பதினெட்டு அறைகள். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளை அங்கே சால் என்பார்கள். ஏழு அறைகளில் தமிழ்க் குடும்பங்கள், ஆண்கள் எல்லோருக்கும் வண்டி செய்யும் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி ஊரிலிருந்து வரும் பெண்ணுக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. அதனால் முன்னால் வந்து மொழி படிந்த ஒருத்தி அவளைக் கூட்டிக்கொண்டு போவாள். ரேஷன் கடை, மாவு மில், டாக்டர் எல்லாவற்றுக்கும். நாம் தமிழில் சொல்வதை அவள் அவர்களிடம் மராத்தியில் சொல்வாள். எங்களுக்குள் அதைப் பேச்சுத் துணை என்போம்.

எனக்குப் பேச்சுத் துணை என் கணவரின் அக்கா. இரண்டு கதவு தள்ளி இருந்தார். நாத்தனார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். குடியாத்தம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னவரே அவர்தான். மாமியார் வரவில்லை. மகள் கண்ணை நம்பி விட்டுவிட்டார். தொண்ணூறுகளின் நடுவில் நான் இங்கே வந்து இறங்கியபோது, ரயிலடியில் என் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவர் அக்கா. பிரசவ வார்டில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மிச்சத்தைக் கேட்டுவிட்டு, அவள் யாரோ கெட்டவள் என்று சுலபமாக முடித்துவிடுவீர்கள்.

மகள் பிறந்த சில மாதங்களில் அசதி ஆரம்பித்தது. வேலை செய்து களைத்துப்போவது எனக்குத் தெரியும், ஐந்து பேர் வீட்டில் மூத்த பெண்ணாக வளர்ந்தவள். இது வேறு. தூங்கி எழுந்தால் தூங்கப் போனபோது இருந்ததைவிடக் களைப்பாக இருக்கும். குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் உட்கார வேண்டும். வெயில் காலத்திலும் குளிரும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி கரகரத்தது. சாப்பிடுவது குறைந்தது, உடம்பு மட்டும் ஊதியது. சாலில் அதைப் பார்த்து, "புனே தண்ணி ஒத்துக்கிச்சு போல" என்று சிரித்தார்கள்.

மாதத்துக்கு ஒருமுறையாவது அக்கா என்னைக் கடைவீதி டாக்டரிடம் கூட்டிப் போவார். வயசானவர், பேச்சு குறைவு. நான் அக்காவிடம் ஒவ்வொன்றாகச் சொல்வேன். அக்கா அவரிடம் மராத்தியில் சொல்வார். நான் சொன்னது பெரிதாக இருக்கும், அக்கா சொல்வது சின்னதாக இருக்கும். மராத்தி சுருக்கமான பாஷை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். டாக்டர் சத்து ஊசி போடுவார், டானிக் எழுதுவார். "ரத்தம் கம்மியாம்டி, கீரை துன்னு" என்பார் அக்கா. நானும் தின்றேன்.

நாலு வருஷம் இப்படிப் போனது. சோம்பேறி என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, தேய்க்காமல் கிடக்கும் பாத்திரங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தானே தேய்ப்பார். அந்த அன்புக்குத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும். இது வியாதியா, என் குணமே இப்படித்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. யாராவது ஒருவர் இதற்கு ஒரு பெயர் சொன்னால் போதும் என்று கிடந்தேன்.

ஒரு மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். மகளுக்கு அப்போது ஐந்து வயசு நடந்துகொண்டிருந்தது. தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு மெயின் ரோடுவரை போய்விட்டாள். லாரி போகிற ரோடு. தள்ளுவண்டியில் காய் விற்கும் மராத்திக்கார அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, என்னை உலுக்கி எழுப்பி, வாசலில் நின்று திட்டினார். "ஆயி ஆஹேஸ் கீ தகட்?" நீ தாயா, கல்லா என்று கேட்டார். வெட்கத்தில் உடம்பு கூசியது. அதற்கப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அவர் திட்டிய திட்டில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போகவில்லை. குழாயடியிலும் மாவு மில்லிலும் நின்று நின்று காது அதுபாட்டுக்கு மராத்தி படித்திருக்கிறது. வாய்க்குத்தான் தைரியம் வரவில்லை.

மறுநாள் அக்காவோடு டாக்டரிடம் போனேன். உட்கார்ந்ததும் அக்காவிடம் சொன்னேன்: "கொழந்த ரோட்டுக்குப் போனத சொல்லுங்கக்கா. எனக்குத் தெரியாமலே தூக்கம் அமுத்துதுன்னு சொல்லுங்க. கழுத்து கனமா இருக்குது, முழுங்கறப்ப அடைக்குதுன்னு சொல்லுங்க."

அக்கா தலையாட்டிவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார். "திலா காஹீ நாஹி, டாக்டர். காமாச்சி ஸவய் நாஹி."

இவளுக்கு ஒன்றுமில்லை, வேலை செய்து பழக்கமில்லை. அடுத்து, அம்மா வீட்டில் செல்லமாக வளர்ந்தவள், அந்த நினைப்பிலேயே படுத்துக் கிடக்கிறாள், எப்போதும் போடும் ஊசியைப் போட்டுவிடுங்கள் என்றார். குழந்தை இல்லை, ரோடு இல்லை, கழுத்து இல்லை. அவர் குரலில் கோபமும் இல்லை. கடையில் மளிகை சொல்வது மாதிரி, பல தடவை சொல்லிப் பழகிய குரல்.

டாக்டர் ஊசியை எடுக்க எழுந்தார். நாலு வருஷமாக நான் சொன்னது எதுவும் இந்த மேஜையைத் தாண்டவே இல்லை.

"மலா சாங்கு த்யா" என்றேன். என்னைச் சொல்ல விடுங்கள். என் கரகரத்த குரலில் அது மிரட்டல் மாதிரி வந்தது. அக்கா என் தொடையை அழுத்தினார். நான் கையைத் தள்ளிவிட்டுக் குழாயடி மராத்தியில், ஆண்பால் பெண்பால் எல்லாம் கலந்துகட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் நின்றபடியே கேட்டார். பிறகு என் பின்னால் வந்து இரண்டு கையாலும் கழுத்தைத் தடவி, எச்சிலை விழுங்கச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் என் கழுத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

என் கேஸ் பேப்பரை எடுத்துப் பழைய பக்கத்தைப் புரட்டினார். அக்காவைப் பார்த்து, "தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்லி மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே சீட்டு எழுதிக் கொடுத்தேனே, எடுத்தீர்களா?" என்று மராத்தியில் கேட்டார். அக்கா சுவர்க் காலண்டரைப் பார்த்தார். எழுதியவரும் அதோடு மறந்துதான் போயிருந்தார், ஊசி மட்டும் மறக்கவில்லை. ஆனால் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் எனக்கு யார்?

வெளியே வந்து நடந்தோம். ரேஷன் கடை தாண்டினோம். அக்கா நின்றார்.

"நான் பாத்து இட்டாந்த பொண்ணுடி நீ. நோய்க்காரிய இட்டாந்துட்டன்னு அம்மா என்னத்தான கேக்கும்? தைராய்டுன்னா அடுத்த கொழந்த தங்காதுன்னு பக்கத்து ரூம்ல சொன்னாங்க. உன்ன ஊருக்கு அனுப்பிட்டா இன்னா பண்ணுவ?"

"அதுக்கு என்னை சோம்பேறின்னு சொன்னீங்களா?"

"சோம்பேறின்னா யாரும் அனுப்ப மாட்டாங்க" என்றார். அதை அவர் நிஜமாகவே நம்பினார். அழுதார்கூட. நான் அழவில்லை. ரயிலடியில் என் பெட்டியைச் சுமந்த தலை அது, அதைப் பார்க்கப் பிடிக்காமல் முன்னால் நடந்தேன்.

அன்று சாயங்காலம் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். பாதியில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன். எதற்கும் அவர் ஆச்சரியப்படவில்லை.

"சீட்டு எழுதுனது உங்களுக்குத் தெரியுமா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "அக்கா அன்னிக்கே சொல்லுச்சு. பாத்துக்கலாம்னுதான் உட்டேன்."

தெரிந்துதான் பாத்திரம் தேய்த்திருக்கிறார். நான் அதை அன்பு என்று நினைத்து மூன்று வருஷம் உள்ளுக்குள் உருகியிருக்கிறேன். ஒரே கூரைக்குக் கீழே என் வியாதி எல்லோருக்கும் தெரியும், அதைச் சுமந்தவளுக்கு மட்டும் தெரியாது.

ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் வந்தது. தைராய்டு சுரப்பது மிகவும் குறைவு என்றார் டாக்டர். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. இரண்டு மாதத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு உட்காராமல் வந்தேன். இவ்வளவு சின்ன மாத்திரைக்கா என்று வயிறு எரிந்தது. அதற்கப்புறம் டாக்டரிடம் தனியாகத்தான் போனேன். அக்கா இரண்டு தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் கோடையில் மாமியார் பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து வந்தார். யாருக்குப் பயந்து இவ்வளவும் நடந்ததோ அவரே. காலையில் நான் மாத்திரை போடுவதைப் பார்த்து, என்னது என்று கேட்டார். அக்கா அப்போது அங்கேதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் கணவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கையும் நின்றுவிட்டது. நான் ஒன்றையும் மறைக்கவில்லை. வியாதி, சீட்டு, மூன்று வருஷம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமியார் கால் நீட்டி உட்கார்ந்தபடியே கேட்டார். பிறகு மகளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கா பயந்தீங்க? நம்ம ஊட்ல மாடு படுத்துக்கினாக்கூட அன்னிக்கே டாக்டர இட்டாருவமே."

அவ்வளவுதான் சொன்னார். ரோட்டில் அழாத, கணவர் முன்னால் அழாத நான் அப்போதுதான் அழுதேன். அக்கா எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். நான் விலகி மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.