ஓடாத லாரி ஓடிய தூரம்

பூபாலன் இதுவரை லாரி ஓட்டிய தூரத்தைக் கயிறாகத் திரித்தால், நிலாவை இழுத்து வந்து மாமல்லபுரத்துப் பாறை ஒன்றில் கட்டிப்போடலாம். மிச்சக் கயிற்றில் அவன் ஊரான கருங்குழி மொத்தமும் துணி உலர்த்தலாம். ஆனால் கம்பெனி கணக்கு வேறு. சக்கரம் உருண்டால்தான் சம்பளம். நின்றால் ஒன்றும் கிடையாது. உருள்வதைப் பார்ப்பதற்கென்றே ஒரு போன் கொடுத்திருந்தார்கள். அந்தப் போன் நகர்ந்தால் கிலோமீட்டர் ஏறும். மாதத்துக்கு இத்தனை என்று ஒரு கோடு. தொடர்ந்து மூன்று மாதம் அந்தக் கோட்டைத் தொடாதவன் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

இரண்டு மாதம் அவன் தொடவில்லை. இது மூன்றாவது.

காரணம் சோம்பல் இல்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் உள்ள ஒரு கிடங்கின் வாசல். ஆந்திராவிலிருந்து டைல்ஸ் ஏற்றி வந்தால், இறக்க இடமில்லை என்று நாள்கணக்கில் வரிசையில் நிறுத்திவிடுவார்கள். வரிசையின் வாலைப் பார்த்துவரப் போன ஒரு டிரைவர் மீசை நரைத்துத்தான் திரும்பினார் என்று அங்கே டீ விற்பவர்கள் சத்தியம் செய்வார்கள். பூபாலனுக்கு ஐம்பது வயது, வலது முழங்கால் சரியாக மடங்காது. இந்த வண்டியை விட்டு இறங்கினால் வேறு எவனும் அவனை ஏற்றமாட்டான்.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது காலையிலேயே மனைவி வரலட்சுமி கூப்பிட்டாள்.

"உள்ள வுட்டானா?"

"இல்ல."

"இன்னும் எவ்ளோ ஓடணும்?"

"திண்டிவனம் ரெண்டு வாட்டி போய்வந்தாக்கூட இழுக்கும்."

"சாவிய வாங்கிக்கினா இன்னாய்யா பண்ணுவ? உன் கால பாத்துட்டு வாட்ச்மேன் வேலக்கிக்கூட வாணாம்னுட்டானே."

அவன் போனைக் கீழே வைக்கும்போது மாமல்லபுரம் போகும் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் நரசிம்மன், வரலட்சுமியின் தம்பி. படியில் தொங்கியபடியே கத்தினான்.

"இன்னா மாமா, இங்கயே வேர் வுட்டுக்கினு கீற?"

அப்போதுதான் பூபாலனுக்குத் தோன்றியது. லாரி நகராவிட்டால் என்ன, போன் நகரலாமே.

"மச்சான், இத்த பையில போட்டுக்கினு சுத்து. சாயங்காலம் குடு."

"எவனாவது கூப்டா?"

"வண்டி ஓடிக்கினு கீதுன்னு சொல்லு."

"எவனா இருந்தாலுமா?"

"எவனா இருந்தாலும்."

இந்த வாசல் திறக்கும் என்ற நம்பிக்கையே அவனுக்குப் போயிருந்தது. வரிசை வந்தால் வாசல்காரர் கூப்பிடுவதும் அதே நம்பருக்குத்தான் என்பது நினைவிலேயே இல்லை.

மதியத்துக்கு மேல் பின்னால் ஹாரன் அடித்தது. பின்னால் நின்ற லாரி அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. அதற்குப் பின்னால் நின்றதும் போனது. பூபாலன் குதித்து இறங்கி, காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"சார், என் வண்டிய வுட்டுட்டு அத்த வுடறீங்களே!"

"யாரு, பூபாலனா? இப்பத்தானே கூப்டேன். வண்டி ஓடிக்கினு கீது, பூஞ்சேரி தாண்டிட்டேன்னு சொன்ன. பின்னால ஒரு பொம்பள சில்லற கேட்டுக்கினு இருந்தா."

"அதோ நிக்குது சார் வண்டி."

"நிக்கறது எனக்கும் தெரியுது. ஓடுதுன்னு நீதானய்யா சொன்ன? வண்டி வரலன்னு உங்க ஆபீசுக்கு மெசேஜ் போட்டாச்சு. கடைசில போய் நில்லு."

அவர் காலில் விழலாம் என்று பார்த்தான். முழங்கால் விடவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றான்.

சாயங்காலம் பேருந்து திரும்பி வந்தது. நரசிம்மன் சிரித்துக்கொண்டே இறங்கி ஓடிவந்தான்.

"நாலு ட்ரிப்பு மாமா! உன் லாரி கடலையே பாத்துட்டு வந்துட்ச்சு. எவனோ கேட்டுலேர்ந்துன்னு கூப்டான். நீ சொன்னத அப்டியே சொல்லி வச்சிட்டேன்."

அவன் நீட்டிய போன் கையில் வந்ததும் மணி அடித்தது. ஆபீஸ் சூப்பர்வைசர் தீனதயாளன்.

"இன்னா பூபாலன், திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுக்குள்ள நாலு வாட்டி பூந்து வந்துகீற. ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நின்னுகீற. லோடு ஏத்துனியா, ஆளு ஏத்துனியா?"

"நிக்கறதுக்கும் எதாவது கணக்கு போட்டீங்கன்னா, நான் ஏன் சார்..."

"சாவிய கேட்டுல குடுத்துட்டு எறங்கு."

கொடுத்தான். வாசல்காரர் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கி ஆணியில் மாட்டினார். பேருந்தில் இருந்தவர்கள் நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். நரசிம்மனுக்கு எல்லாம் புரிய அவ்வளவு நேரம் பிடித்தது.

"ஏறு மாமா" என்றான். டிக்கெட் கிழிக்கவில்லை.

செங்கல்பட்டு வரைக்கும் வரலட்சுமியிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று பூபாலன் யோசித்துக்கொண்டிருந்தான். போனைத் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தான். சட்டைப் பையில் அது தன் பாட்டுக்கு கிலோமீட்டரை ஏற்றிக்கொண்டே வந்தது.