வண்டலூர் தாண்டாத குரல்

"ஊரப்பாக்கமா? அங்கெல்லாம் கேக்காதுங்க. வண்டலூர் தாண்டினாலே கொரகொரன்னு இரைச்சல்தான்" என்று ஒலிப்பதிவு அறை அக்கா அம்மாவிடம் சொன்ன அந்த நொடியில்தான் எனக்கு யோசனை உதித்தது. அதே நொடியில் அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதையும் பார்த்தேன். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிற வயதில்லை. ஐந்தாம் வகுப்பு.

தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் அந்தச் சின்ன வானொலி இருந்தது. எந்தத் தெருவில் கரண்ட் போகும், தண்ணி லாரி எப்போது வரும், யார் வீட்டு நாய்க்குட்டியைக் காணோம் என்பதெல்லாம் அதில்தான் வரும். நடுவே அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்துச் சமையல் பேசச் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கியதால் கல்கல் என்ற மொறுமொறு பலகாரத்தின் செய்முறை சொல்ல அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பதிவின்போது என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். நான் மூச்சு விட்டால்கூட மைக்கில் விழுமாம்.

ஊரப்பாக்கத்தில் இருந்தவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. அம்மாவும் அவரும் சண்டை போட்டதே இல்லை. சண்டைக்கும் பேச வேண்டுமே! "சாப்டீங்களா அண்ணி?" "ஆச்சும்மா." அத்தோடு நிகழ்ச்சி நிறைவுபெறும். "உங்கம்மா வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமாடி?" என்று அத்தை என்னிடம்தான் கேட்பார். அப்படிப்பட்ட அம்மா மைக் முன்னால் அரைமணி நேரம் பேசியிருக்கிறாள். அதை அத்தை கேட்டே ஆகவேண்டும். சிக்னல் அத்தையிடம் வராவிட்டால் என்ன, அத்தையைச் சிக்னலிடம் கொண்டுபோனால் போச்சு.

ஒலிபரப்பு சனிக்கிழமை. முந்தின நாளே அத்தை வீட்டுக்குப் போய்த் தங்கி, "நாளைக்குக் கிறிஸ்துமஸ் துணி எடுக்க அம்மா உங்களக் கூப்ட்டாங்க" என்று ஒரே போடாகப் போட்டேன்.

"உங்கம்மாவா? என்னையா?" என்று கேட்ட அத்தை, விடிந்ததும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு தயாராகிவிட்டார்.

மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி. என் கையில் அப்பாவின் பழைய பட்டன் போன். இயர்போன் ஒயர்தான் அதற்கு ஆண்டெனா. ஒரு முனை அத்தையின் காதில், ஒரு முனை என் காதில். ஊரப்பாக்கத்தில் வெறும் இரைச்சல். வண்டலூரில் இரைச்சலுக்குள் யாரோ முனகினார்கள். பெருங்களத்தூர் நெருங்கும்போது அம்மா கணீரென்று வந்துவிட்டாள்.

"...மாவுல வெண்ணெய் ரொம்ப முக்கியம். எங்க நாத்தனார் ஒரு வருஷம் அதப் போட மறந்துட்டாங்க. வீட்டுக்கு வந்த போதகர் ஒண்ணு எடுத்துக் கடிச்சாரு. அப்புறம் ஜெபம் பண்ணுங்க ஐயான்னா, வாயே தொறக்கல. கர்சீப்ப வாயில வச்சுக்கிட்டு, கைய மட்டும் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிட்டுக் கெளம்பிட்டாரு. பாத்தா, கர்சீப்புக்குள்ள அவரோட கீழ் வரிசைப் பல் செட்டு, ரெண்டு துண்டா!"

அம்மாவுக்கு நாத்தனார் என்றால் அத்தைதானே! அணைத்துவிடலாம் என்று கைக்கு வந்த பொத்தானை அழுத்தினேன். அது ஸ்பீக்கர். அம்மா பெட்டி முழுக்க ஒலித்தாள்.

கொய்யாக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள்தான் முதலில் சிரித்தார். "இன்னாமே இது! பலகாரம் சுட்டாளா, ஜல்லி சுட்டாளா?"

பெட்டியே குலுங்கியது. எதிரே இருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்தபடி அத்தையிடம் கேட்டார். "யாருங்க அந்த நாத்தனாரு?"

"யாரோ, பாவம்" என்றார் அத்தை, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல்.

நான் காதுகளைப் பொத்தி, கண்களை மூடி, அத்தையின் கைப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தாம்பரம் வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அத்தை முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். கொய்யாக்கார அம்மாள் பெரிய பழமாக ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்து அழுத்தினார். செத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை நேராகச் சமையலறைக்குப் போனார். நான் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

"மேல் வரிசை" என்றது அத்தையின் குரல்.

"என்னது அண்ணி?"

"போதகருக்கு ஒடஞ்சது மேல் வரிசைப் பல்லு. ஊருக்கே கீழ் வரிசைன்னு சொல்லிட்டியே."

ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு இரண்டு.

"துணி எடுக்கக் கூப்ட்டியாமே?" என்று அத்தை கேட்க, அம்மா எட்டி என்னைப் பார்த்தாள். "ஆமா அண்ணி" என்றாள்.

அத்தை அன்று ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலை மறு ஒலிபரப்பு உண்டாம். தன் மானம் போனதை ஒருவர் இரண்டாம் முறை கேட்க ஆசைப்படுவது எனக்கு விளங்கவில்லை. ரேடியோவுக்கு மிக அருகில் அவர்தான் உட்கார்ந்தார். மறுபடியும் பல் செட்டு உடைந்தது. அதற்குப் பிறகு வந்ததை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"மறந்ததுக்குக் காரணமே நான்தாங்க. என் பொண்ணு நாளாகறதுக்கு முன்னாடியே பொறந்துட்டா. நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். அண்ணி பகலெல்லாம் கஞ்சியத் தூக்கிட்டு ஓடிட்டு, வீட்டுக்கு வந்து மாவு பெசஞ்சாங்க. வெண்ணெய் எங்கேருந்து ஞாபகம் வரும்? அவங்க இல்லன்னா நானும் இல்ல, என் பொண்ணும் இல்ல. இத அவங்ககிட்ட நான் சொன்னதே இல்ல."

பால் பொங்கும் என்று அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பாலே இல்லை. அத்தை சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஒலிப்பதிவு அறையில் அம்மா முகத்தில் பரவிய நிம்மதியை, பல் செட்டுக் கதை ஊரப்பாக்கத்துக்கு எட்டாது என்ற நிம்மதியாகவே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். எட்டக் கூடாது என்று அவள் பயந்தது அந்தக் கதையைப் பற்றி அல்ல, அதற்குப் பிறகு சொன்னதைப் பற்றி என்பது புரிய வருடங்கள் ஆயின.

இப்போது அந்த ஒலிப்பதிவு அறையின் அக்கா நான்தான். குரல் இன்னும் வண்டலூரைத் தாண்டுவதில்லை. அம்மாவும் அத்தையும் பழையபடி "சாப்டீங்களா அண்ணி"யிலேயே நிற்கிறார்கள். அம்மாவுக்கு மைக் முன்னால்தான் வாய் திறக்கும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு இருவரையும் ஒரே மைக் முன்னால் உட்கார வைக்கப்போகிறேன். ஒலிபரப்பு எதுவும் இல்லை, சும்மா மைக் சரிபார்க்கத்தான், இந்த அறைக்கு வெளியே ஒருவருக்கும் கேட்காது என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.