கார்டில் ஒன்று, டேங்கில் ஒன்று

மதுரை காளவாசலில் எங்கள் கம்பெனிக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். செல்வி டீச்சரிடமிருந்து போன். முந்தின நாள்தான் கோச்சடையில் அவர்கள் வீட்டுக்குக் கரப்பான் மருந்து அடித்துவிட்டு வந்திருந்தேன்.

"அண்ணே, நேத்து நீங்க பாட்டில்ல ஊத்தி வச்சுட்டுப் போனீங்கள்ல, அதை அவரு குடிச்சுட்டாரு. ஆஸ்பத்திரியில இருக்கோம். என்ன மருந்துன்னு டாக்டர் கேக்குறாரு."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "சர்வீஸ் கார்டுல எழுதியிருக்கு டீச்சர், அதைக் காட்டுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நான் சொன்னது பொய். கார்டில் எழுதியது ஒரு மருந்து, ஸ்ப்ரே டேங்கில் கலக்கியது வேறு மருந்து.

இருபத்திரண்டு வருடம் பூச்சி மருந்து அடிக்கிற பெஸ்ட் கன்ட்ரோல் வேலை பார்த்தவன் நான். இப்போது முட்டி வலியால் வீட்டோடு இருக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களும், மருந்து அடிக்க ஆள் கூப்பிடுகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் என் வண்டவாளத்தை நானே எழுதுகிறேன்.

1. ஊத்தி வச்சுட்டுப் போங்க

ஒரு வீட்டில் வேலை முடிந்து டேங்கைக் கழற்றினால், அடியில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர்கள் பாட்டிலோடு வந்து நிற்பார்கள். "எங்க வீட்டுக்குக் கலக்குனதுதானே, ஊத்தி வச்சுட்டுப் போங்க." தல்லாகுளத்தில் வக்கீல் வீடானாலும் சரி, கோச்சடையில் லைன் வீடானாலும் சரி, இதில் மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி. ஊறுகாய் ஜாடியை நீட்டிய மகராசியும் உண்டு. கொடுக்கக் கூடாது என்று டிரெய்னிங்கில் சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்று வழக்காடச் சோம்பல்பட்டு நாங்கள் கொடுத்துவிடுவோம். நல்ல பெயரும் கிடைக்கும் இல்லையா.

செல்வி டீச்சர் வீட்டுக்குப் போன அன்றைக்கு, அடுப்படிக்கு அடிக்கிற மருந்து தீர்ந்துபோயிருந்தது. கம்பெனிக்குத் திரும்பி எடுத்து வர ஒரு மணி நேரம் ஆகும். வண்டியில் கரையான் மருந்து இருந்தது. அது கட்டடம் கட்டும்போது மண்ணுக்கு ஊற்றுகிற மருந்து. வீட்டுக்குள், அதுவும் சமைக்கிற இடத்தில், அடிக்கவே கூடாது. கரப்பான் செத்தால் சரி என்று அதைக் கலக்கினேன். கார்டில் வழக்கமான பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேட்க ஆள் இல்லை என்றால் புத்தி அப்படித்தான் போகும்.

மிச்சத்தை ஒரு காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றினேன். இந்த மருந்து டப்பாவில் எண்ணெய் மாதிரி இருக்கும். தண்ணீரில் கலந்தால் வெள்ளைவெளேர் என்று மோர் மாதிரி ஆகிவிடும். டீச்சர் அதைக் கொல்லைப் படிக்கட்டு ஓரத்தில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அது சித்திரைத் திருவிழாச் சமயம். வெயிலில் போகிறவர்களுக்கு அந்த வீட்டில் வாசலில் வைத்து நீர்மோர் கொடுப்பார்கள். டீச்சரின் கணவர் முருகேசன் தல்லாகுளத்தில் ஒரு ஆபீசில் கிளார்க். மறுநாள் காலையில் அவரே மோரைக் கலக்கிப் பாட்டில் பாட்டிலாக ஊற்றி, அதே படிக்கட்டில் அடுக்கியிருக்கிறார். வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது, தாகத்துக்கு ஒரு பாட்டிலைத் திறந்து வாயில் கவிழ்த்திருக்கிறார். அது நான் ஊற்றி வைத்த பாட்டில். வீடு முழுக்கவே மருந்து வாடை இருந்ததால் மூக்கு அவரை எச்சரிக்கவில்லை. நாக்கு எரிந்து துப்புவதற்குள் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது.

2. திரும்பப் போட்ட போன்

போனை வைத்ததும் முதலாளியிடம் ஓடி, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"கார்டுல என்ன இருக்கோ அதையே சொல்லு பாண்டி. அடுப்படியில கரையான் மருந்து அடிச்சோம்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும். நாம எல்லாரும் தெருவுலதான் நிக்கணும்."

அவர் கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். நானும் பயந்துதான் இருந்தேன். ஆனால் எனக்கு ஒன்று தெரியும். இந்த இரண்டு மருந்தும் ஒரே இனம் இல்லை. ஒன்றுக்குப் பார்க்கிற வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. கார்டை நம்பி டாக்டர் ஒரு பக்கம் போனால், முருகேசன் இன்னொரு பக்கம் போய்விடுவார். இரண்டு நிமிடம் இருக்கும், டேங்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த இரண்டு நிமிடத்துக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அப்புறம் போன் போட்டேன். "டீச்சர், கார்டுல இருக்கிறது பொய். நான் அடிச்சது கரையான் மருந்து. போனை டாக்டர்கிட்ட குடுங்க."

டாக்டரிடம் மருந்தின் பெயர், எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு கலந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா லேபிளைப் படம் எடுத்து டீச்சர் நம்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பிறகு டப்பாவை இரண்டு பாலிதீன் பையில் கட்டி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். "போனா அப்படியே போயிரு" என்று முதலாளி பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. போய்விட்டேன்.

3. டீச்சர் கேட்ட கேள்வி

நான் போனபோது முருகேசனுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. வாயில் எச்சில் நிற்காமல் வடிந்தது. ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் லேபிளை நேரில் ஒரு தடவை படித்தார். "கார்டுல இருக்கிற மருந்துக்குக் கண்ணுப் பாப்பா இப்படிச் சுருங்காதேன்னு எங்களுக்கும் சந்தேகம் இருந்துச்சு. நீங்க சொன்னதால காத்திருக்காம மாத்து மருந்தை ஆரம்பிச்சுட்டோம்" என்றார். அதற்கு மேல் என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

நான் டீச்சரிடம் போய், அடுப்படியைச் சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவும்வரை அங்கே சமைக்க வேண்டாம், திறந்து கிடந்த பண்டம் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் என்றேன்.

"இதையும் நேத்தே சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றார் டீச்சர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் என் பக்கமே திரும்பவில்லை. நான்காம் நாள் முருகேசன் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார் என்று நர்ஸ் சொன்னார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். அவருக்கு நான் பட்ட கடன் எந்த ஜென்மத்திலும் தீராது. பிழைத்து எழுந்து என்னைக் காப்பாற்றிய மனுஷன் அவர்.

4. மறுபடி கோச்சடை

வேலை போனது. வேறொரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். அதற்கப்புறம் எந்த வீட்டிலும் மிச்ச மருந்தைக் கொடுத்ததில்லை. எம்புட்டுக் கெஞ்சினாலும், திட்டினாலும் சரி. வீட்டுக்காரர்களுக்கும் இதைத்தான் சொல்லுவேன். மருந்து வந்த டப்பாவிலிருந்து வேறு எதற்கும் மாற்றாதீர்கள். அடிக்க வருகிறவனிடம் டப்பாவைக் காட்டச் சொல்லி, லேபிளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சொந்தக்காரனே ஆனாலும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். தப்பித் தவறி ஏதாவது ஆனால் அந்தப் படத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஐந்து மாதம் கழித்து டீச்சர் கூப்பிட்டார். "கரப்பான் திரும்ப வந்துருச்சு. எப்ப வாரீங்க?"

மதுரையில் இவ்வளவு கம்பெனி இருக்கும்போது என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"மத்தவங்க என்ன அடிக்கிறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுண்ணே. நீங்க வேலை போனாலும் உண்மையைச் சொல்லுவீங்கன்னு தெரியும். அவருதான் உங்களைக் கூப்பிடச் சொன்னாரு."

மறுநாள் காலையில் போனேன். ஸ்ப்ரே டேங்கை எடுத்துப் போகவில்லை. பசை மாதிரி வைக்கிற கரப்பான் ஜெல் மட்டும்தான். டீச்சர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார் என்று நினைத்தேன். நிற்கட்டும், அது அவர் உரிமை. அவர் ஜெல்லின் லேபிளை வரி விடாமல் படித்தார், படம் எடுத்தார், கைப்பையைத் தோளில் மாட்டினார். முருகேசன் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.

"எங்களுக்கு நேரமாச்சு. முடிச்சுட்டுப் பூட்டி, சாவியை எதுத்த வீட்டுல குடுத்துருங்கண்ணே" என்று என் கையில் சாவியை வைத்துவிட்டு டீச்சர் இறங்கிப் போனார்.

அந்த அடுப்படியில் நான் மட்டும் நின்றேன். ஷெல்ஃப் மூலை, சிங்க்குக்கு அடி, கதவுக் கீல் என்று ஒவ்வொரு இடமாக, அரிசி பருப்பு பக்கம் போகாமல், பொட்டுப் பொட்டாக வைத்தேன். ஜெல்லின் பெயரையும் எந்தெந்த இடம் என்பதையும் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து கதவைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினேன்.