ரெஜினா ரீச்சர் எழுந்து நின்ற நாள்

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி. அக்கராயனில் எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக இருந்து இலைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நெடுங்கேணியிலிருந்து வசந்தி தொலைபேசியில் அழைத்தாள். என்னோடு ஒரே கல்லூரியில் ஒரே வருடம் பயிற்சி பெற்றவள். "எடியே, ரெஜினா ரீச்சர் காலமை மோசம் போயிட்டாவாம். நாளைக்குப் பின்னேரம் பூவரசங்குளத்தில அடக்கம்," என்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை கஞ்சிக் கோப்பையைத் தட்டிவிட்டான். நான் முழங்காலை மடக்கி, அவன் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்து, "துணியை எடுத்துக்கொண்டு வாங்கோ, ரெண்டு பேருமாத் துடைப்பம்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், அது ரீச்சர் பழக்கிவிட்ட வார்த்தை.

அவரிடம் படித்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அடக்கத்தின்போது பேசியவர்கள் எல்லோரும் அவரைத் தாய் போன்றவர் என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. என் அம்மா என் தொலைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டியதில்லை. வீட்டுக்கு நான் எழுதிய கடிதத்தைத் திறந்து வாசித்ததும் இல்லை.

போர் முடிந்து சில வருடங்கள் கழித்து அந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். வவுனியாவுக்கு வெளியே, விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு வருட முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி. அப்பா சிறுநீரக வருத்தத்தில் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நாங்கள் சைவக் குடும்பம். கிறிஸ்தவக் கல்லூரி என்று அம்மா கொஞ்சம் தயங்கினார், பிறகு படிப்புத்தானே என்று விட்டுவிட்டார். ரீச்சர் அங்கே துணை அதிபர், விடுதிக்கும் அவரே பொறுப்பு. முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கன்னியர் மட விடுதிக்குப் போய், அங்கேயே வளர்ந்தவர். காலை ஐந்துக்கு மணி. ஐந்தேகாலுக்குச் செபம். சைவப் பிள்ளைகளும் போய் இருக்க வேண்டும், கும்பிடுவது அவரவர் விருப்பம். மேலதிகாரி ஒன்று சொன்னால் மறுமொழி சொல்லக் கூடாது. இன்றைக்கும் விடுமுறை நாளில்கூட எனக்கு ஐந்து மணிக்கு நித்திரை முறிந்துவிடும். அப்படியே படுத்திருந்து அவரைத் திட்டிக்கொள்வேன்.

ஆனால் எங்கள் பயிற்சியில் அவர் கை வைத்த இடமெல்லாம் துலங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாள் நான் படிப்பித்த பயிற்சி வகுப்பில் சின்னப் பிள்ளைகள் சந்தைபோல் இரைந்தார்கள். நான் மேசையில் தட்டிக் கத்தினேன். ரீச்சர் பின்னால் இருந்து எழும்பி வந்து, ஒன்றும் பேசாமல் நடுவில் தரையில் அமர்ந்து, கையில் இருந்த சோகிச் சிப்பிகளை மெல்ல மெல்ல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். இரண்டு நிமிடத்தில் முழுப் பிள்ளைகளும் அவரைச் சுற்றி மூச்சடக்கி நின்றார்கள். பிறகு என்னிடம், "சத்தம் போடுற ரீச்சரிட்டச் சொல்ல ஒண்டும் மிச்சமில்லை எண்டு பிள்ளையளுக்குத் தெரியும்," என்றார். அன்றோடு நான் மேசையில் தட்டுவதை விட்டேன்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். படித்தவர்களுக்கு நினைவிருக்கும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு வெள்ளி மாலையும் மண்டபத்தில் வட்டமாக இருப்போம். ஒவ்வொருத்தியாக எழுந்து நின்று அந்தக் கிழமை தான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவளுடைய பிழையைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கக் கூடாது. கேட்டவர்கள் ஆறுதலும் சொல்லக் கூடாது, கண்டிக்கவும் கூடாது. ஒருத்தி சொல்லிவிட்டுக் கீழே இருந்ததும் அடுத்தவள் எழும்ப வேண்டும். அவ்வளவுதான். ரீச்சர் மட்டும் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர் எழும்பி நாங்கள் கண்டதில்லை.

கிழமைக்கு ஒரு பிழைக்கு எங்கே போவது? வியாழன் பின்னேரம் கிணற்றடியில் பங்கு பிரிப்போம். "சவர்க்காரத்தைத் தண்ணியில கரைய விட்டது எனக்கு. செபத்தில நித்திரை கொண்டது உனக்கு," என்பாள் வசந்தி. "போன கிழமையும் நான்தானே நித்திரை கொண்டனான்!" என்று சண்டை பிடிப்பேன். உண்மை பேசப் பழக்குவதற்கு வைத்த வெள்ளிக்கிழமையில் நாங்கள் கூசாமல் பொய் சொல்லப் பழகினோம்.

அந்தப் பழக்கம் என் அப்பாவின் ஆட்டைத்திவசத்தில் வந்து விடிந்தது. முதலாம் வருடத் திவசம். வீட்டில் கட்டாயம் நிற்க வேண்டும். அம்மா பஞ்சாங்கம் பார்த்து, திதி இன்ன நாளில் வருகிறது என்று அலுவலகத்துக்குச் சொல்லியனுப்பினார். நான் விடுமுறைக் கடிதம் கொடுத்தேன். ரீச்சர் என் ஆவணக் கோப்பை எடுத்து, அதிலிருந்த அப்பாவின் மரணச் சான்றிதழை மேசையில் விரித்தார்.

"இதில மாதக் கடைசி எண்டு கிடக்குது. நீர் மாத நடுவில லீவு கேக்கிறீர்."

"திதி ரீச்சர், அது முந்தி..."

"மறுமொழி வேண்டாம். தகப்பன் செத்த நாளை வைச்சுமா பொய் சொல்லுவினம்?"

அவருடைய ஊரில் ஒருவர் இறந்த திகதியில்தான் ஆண்டு நினைவுத் திருப்பலி கொடுப்பார்கள். திவசம் திதியைப் பார்த்து வரும், அதனால் பத்துப் பதினொரு நாள் முந்திப்போகும் என்பது மடத்தில் வளர்ந்தவருக்குத் தெரியவில்லை. எனக்கு அதை விளங்கப்படுத்தத் துணிவில்லை. அந்த வெள்ளிக்கிழமை என் முறை வந்தது. நான் எழுந்து நின்று, "விடுமுறைக்காகப் பொய் சொன்னனான்," என்றேன். சொன்னால் பிரச்சினை முடியும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த வசந்திக்கு உண்மை தெரியும். மற்றவளைப் பற்றி வாய் திறக்கக் கூடாதே, அவள் குனிந்துகொண்டிருந்தாள். ரீச்சர் தலையை ஆட்டினார். அவருக்கிருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகத்தையும் நானே தீர்த்து வைத்தேன்.

திவசத்தன்று நான் விடுதியில் கடதாசி மட்டை வெட்டிப் பூ ஒட்டிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசி வந்ததும் ரீச்சர் தானாகவே என்னைக் கூப்பிட்டு, பஸ் நிலையம் வரை கூட வந்து ஏற்றிவிட்டார். ஏறும்போது ஒரு பெட்டி மெழுகுதிரி தந்தார். "அப்பான்ர கல்லறையில கொளுத்தும்," என்றார். அப்பாவை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் எல்லாம் முடிந்து பத்து நாளுக்கு மேலாகியிருந்தது. எனக்காக எடுத்து வைத்த மோதகம் பழுதாகி எறியப்பட்டிருந்தது. அம்மா பெட்டியை வாங்கிப் பார்த்தார். "தந்த ஆளின்ர மனசு நல்லம்," என்று அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒன்றைக் கொளுத்தினார். நான் அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன். ரீச்சர் கெட்டவராக இருந்திருந்தால் வெறுப்பது எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

பல வருடங்கள் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. சென்ற ஆண்டு வசந்திதான் செய்தி கொண்டுவந்தாள். "உன்னை ஒருக்கா வரச் சொன்னவா. என்னத்துக்கெண்டு சொல்லேல்லை." ஓய்வுபெற்று, பூவரசங்குளத்தில் தம்பி மகளுடன் இருந்தார். போனேன். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. தேத்தண்ணி வந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரித்தார். பிறகு ஊன்றுகோலைப் பிடித்து எழும்ப முயன்றார். உதவப் போன என்னைக் கையால் மறித்தார். எழுந்து நேரே நின்றார்.

"போன மாதம் பக்கத்து வீட்டில ஆட்டைத்திவசம் எண்டு கூப்பிட்டவை. நான் நாள் பிழையெண்டு சொன்னனான். அவை சிரிச்சுப்போட்டுத் திதியைப் பற்றிச் சொல்லிச்சினம். நீர் பொய் சொல்லேல்லை. தகப்பன்ர காரியத்துக்கு உம்மை நான் விடேல்லை. அது என்ர பிழை."

சொல்லிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை விளங்கியது. ஒருத்தி இருந்ததும் அடுத்தவள் எழும்ப வேண்டும். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு ரீச்சர், வாறன்," என்றேன். "ஓம், போட்டு வாரும்," என்றார். வாசல் வரை அவர் பார்வை என் முதுகில் இருந்தது. இன்னொரு நாள் வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாள்தான் வராமல் போய்விட்டது.

அடக்கத்துக்குப் போனபோது ஒரு பெட்டி மெழுகுதிரி வாங்கிக்கொண்டு போனேன். கல்லறையில் ஒன்றைக் கொளுத்தினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை பிள்ளையின் உயரத்துக்கு மடங்கப் பழகிய இந்த முழங்கால்களும், ஐந்து மணி விழிப்பும், மேலதிகாரி குரல் உயர்த்தினால் இன்னும் நெஞ்சு படபடப்பதும். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை எறிய எனக்குத் தெரியவில்லை, எல்லாம் ஒரே கையால் தந்தவை. எங்கள் முன்பள்ளி ஆசிரியைகளுக்கு நான் வெள்ளிக்கிழமை வைக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை பாக்கி இருக்கிறது. அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் வட்டமாக இருப்பதாக நினைத்து, எழுந்து நிற்கிறேன்.

ரீச்சர், சொல்லாத பொய்யைச் சொன்னதா நான்தான் உங்களை நம்ப வைச்சனான். பிறகு இத்தனை வருசமா முழுப் பிழையையும் உங்கட தலையில போட்டு வைச்சிருந்தனான். அண்டைக்கு நீங்கள் கால் நடுங்க நிண்டதைப் பார்க்க எனக்குச் சந்தோசமா இருந்தது. அதாலதான் நான் எழும்பேல்லை.