வெறும் வயிறு

அந்தக் குழந்தையின் சட்டைக் கழுத்தில் ஒட்டியிருந்த பிஸ்கட் துகளை முதலில் பார்த்தவள் நான்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று இன்றும் சில சமயம் நினைப்பேன். வயிற்றில் எதையாவது வைத்துக்கொண்டு மயக்கத்துக்குப் போனால் வாந்தி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. இத்தனை வருடம் நர்ஸாக இருக்கிறவளுக்கு அது தெரியாதா? தெரிந்தும் மனசு அப்படித்தான் நினைக்கிறது.

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில், மயக்கம் கொடுத்துச் சொத்தைப் பல் பிடுங்க வரும் குழந்தைகளில் அவளும் ஒருத்தி. நாலு வயது. எட்டுப் பற்கள் வேர்வரை அழுகியிருந்தன. கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதை நம்பி ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார்களாம். அம்மாவுக்குப் பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் வேலை, லீவு கிடைக்கவில்லை. அப்பாதான் இரண்டு பஸ் மாறித் தூக்கி வந்திருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்.

"பசில கத்துச்சு சிஸ்டர், மனசு கேக்கல. டீயில தோச்சு ஒரே ஒரு பிஸ்கட்டு. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க," என்று கெஞ்சினார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். டாக்டரிடம் சொன்னதோடு விட்டேனா? வார்டே திரும்பிப் பார்க்கும்படி அவரைக் கிழித்துவிட்டேன். பெற்ற பிள்ளையை நீங்களே கொன்றிருப்பீர்கள் என்றுகூடச் சொன்னேன். அன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்றாகிவிட்டது. அடுத்த தேதி ஒன்றரை மாதம் தள்ளித்தான் கிடைத்தது. மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த தடவை வரும் முன்னால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று மட்டும்தான் கத்தினேன். வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்று சொல்லவே இல்லை. இப்போது ஒவ்வொரு பெற்றோரிடமும் மணிக்கணக்கோடு சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். அன்றைக்கு என் வாயில் அது வரவில்லையே.

ஒன்றரை மாதம் கழித்து வந்தபோது குழந்தை அவர் தோளில் துவண்டு கிடந்தது. அத்தனை நாளும் கஞ்சிதான் இறங்கியதாம். உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது, அழக்கூடத் தெம்பில்லை. ஊசி போட நரம்பே கிடைக்கவில்லை. நாலு இடத்தில் குத்தி, கடைசியில் பாதத்தில் கிடைத்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. மயக்க டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்றைக்கு சலைன் மட்டும் ஏற்றுங்கள், ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார்.

அதை அப்பாவிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வராந்தாவில் நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். பரீட்சையை நன்றாக எழுதிவிட்டு வந்த பிள்ளைபோல் இருந்தது அவர் முகம்.

"நேத்து மத்தியானத்துல இருந்து ஒரு சொட்டுத் தண்ணிகூட குடுக்கல சிஸ்டர். எவ்ளோ கேட்டு அழுதுச்சு, நான் குடுக்கவே இல்ல. இந்த வாட்டி பண்ணிடுவாங்கல்ல?"